வெர்லினின் கடைசி மான்

ஆர்டிஸுக்கு உதவாமல் இருக்கத் தெரியாது. ஆயுளில் பாதியைப் பள்ளிக்கூடத்துச் சமையற்கட்டில் கழித்தவள். காலித் தட்டோடு ஒரு பிள்ளையைக் கண்டால் கரண்டி தானாக நீளும். கணவர் வெர்லினுக்குப் பார்க்கின்சன் நோய் வந்து கைகள் நடுங்கத் தொடங்கியதும் அவளுக்கு வேலை கூடிப்போனது. சட்டைப் பொத்தான், காபிக் கோப்பை, ஷூ நாடா என்று ஒவ்வொன்றாக அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். அவர் கொடுத்தாரா, இவள் பிடுங்கினாளா என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம்.

ரைஃபிளை மட்டும் வாங்க முடியவில்லை. அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் ஒருவர் பெயருக்கு வந்த வேட்டைச் சீட்டில் இன்னொருவர் சுடக் கூடாது, கட்டியவளானாலும் கூடாது. அந்த ஆண்டு குலுக்கலில் வெர்லினுக்குக் கவைக்கொம்பு மான் சீட்டு ஒன்று விழுந்தது. அடுத்த ஆண்டு அவரால் துப்பாக்கியைத் தூக்கவே முடியாது என்பதை டாக்டர் சொல்லாமல் சொல்லிவிட்டார்.

"ஒண்ணே ஒண்ணு, ஆர்டிஸ். என் கையால. அப்புறம் என்னைத் தொட்டில்ல போட்டு ஆட்டினாலும் ஆட்டிக்கோ," என்றார்.

வேட்டைக்காலம் தொடங்கிய அன்று விடியலில் பொதுநிலத்துக் கம்பிக் கதவருகே வண்டியை நிறுத்தினாள். அங்கெல்லாம் ஓட்டுகிறவர் இறங்குவதில்லை. பக்கத்தில் இருப்பவர்தான் இறங்கிக் கதவைத் திறந்து, வண்டி கடந்ததும் சாத்திவிட்டு ஏற வேண்டும். வெர்லின் வண்டிக் கதவின் கைப்பிடியைத் தேடுவதற்குள் ஆர்டிஸ் குதித்து இறங்கித் திறந்தாள், ஓட்டினாள், மறுபடி இறங்கிச் சாத்திவிட்டு வந்தாள். அவர் முன்கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

உள்ளே திருவிழாக் கூட்டம். எந்த மேட்டைப் பார்த்தாலும் ஒரு டிரக், டிரக்குக்கு நாலு ஆரஞ்சுத் தொப்பி வேட்டைக்காரர்கள். பொதுநிலம் எல்லோருக்கும் பொது என்பது சரிதான். மானுக்கும் ஓர் ஓரம் விட்டிருக்கலாம்.

"நம்ம ஊர்லயே இத்தனை பேர் இல்லையே," என்றார் வெர்லின்.

"உன் சாவுக்குக்கூட இவ்வளவு கூட்டம் வராது, கிழவா."

"வந்தா, எல்லாருக்கும் பரிமாறி முடிச்சிட்டுத்தான் நீ அழுவே."

இந்த மானுக்கு ஓட்டம்தான் பலம். வேலியைத் தாண்டாது, அடிக்கம்பிக்குக் கீழே குனிந்து நுழையும். விரட்டினால் வேலிக்கடியில் பழகிய சந்து ஒன்றைத் தேடித்தான் வரும். அப்படி ஒரு சந்துக்கு எதிரே, சேஜ் புதருக்குப் பின்னால் இருவரும் உட்கார்ந்தார்கள். சுற்றிலும் வெடிச்சத்தம் ஓயவில்லை. வெயில் ஏறியபோது ஓர் ஆண் மான் தனியாக ஓடிவந்து, வாயைத் திறந்து மூச்சு வாங்கியபடி, வேலியோரம் இடப்பக்கத்தைக் காட்டி நின்றது. வெர்லின் ரைஃபிளைத் தாங்குகுச்சிகள் மேல் சாய்த்தார். குச்சிகளும் சேர்ந்து நடுங்கின. ஆர்டிஸ் தன் கைகளைத் தொடைக்கடியில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

சுட்டார். மானுக்கு வெகு முன்னாலேயே மண் தெறித்ததை அவள் பார்த்தாள். அதே நேரம் இன்னொரு வெடி கேட்டது. மான் விழுந்தது.

எதிர்மேட்டிலிருந்து ஓர் இளைஞன் இறங்கி வந்தான். டானர் என்று பெயர்; வெளிமாநிலத்து ஒஹையோக்காரன். புதருக்குப் பின்னால் ஆள் இருந்ததே அவனுக்குத் தெரியாது. வெர்லின் தடியூன்றி வந்து சேர்வதற்குள் ஆர்டிஸ் ஓடிப்போய் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தம்பி, அவர் சுட்டதுன்னு சொல்லிடு. அவருக்கு இதான் கடைசி."

அவன் மானைப் பார்த்தான். தள்ளாடி வரும் கிழவரைப் பார்த்தான். "இந்தச் சீட்டுக்கு எத்தனை வருஷம் காத்திருந்தேன் தெரியுமாம்மா," என்று முனகினான். பிறகு தொப்பியைக் கழற்றினான். "உங்க குண்டுதான் ஐயா. என்னோடது தப்பிப்போச்சு."

நல்ல பிள்ளை. பொய் சொல்லத்தான் வரவில்லை.

வெர்லின் மண்டியிட்டு, மானின் ரோமத்தில் விரலை ஓட்டினார். இடப்பக்கம் பெரிய கிழிசல். மானைப் புரட்டச் சொன்னார். வலப்பக்கத்தில் விரல்நுனி அளவுக்கு ஓர் ஓட்டை. குண்டு சின்னதாகப் புகும், பெரிதாக வெளியேறும். அது அந்த ஊரில் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். வலப்பக்கம் இருந்தவன் டானர்தான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்திருக்கிறாள் ஆர்டிஸ்.

அவர் டானரைப் பார்க்கவில்லை, மனைவியைப் பார்த்தார்.

"இதையும் வாங்கிக்கிட்டியா, ஆர்டிஸ்?"



"நல்லா சுட்டே தம்பி. மான்மேல உன் சீட்டைக் கட்டு," என்று திரும்பி டானரின் தோளைத் தட்டினார். ரைஃபிளில் மிச்சமிருந்த குண்டுகளைத் தானே வெளியே எடுத்தார். ஒன்று புல்லுக்குள் விழுந்தது. அதைத் தேடி எடுக்க அவருக்கு வெகுநேரம் பிடித்தது.

திரும்பும் வழியெல்லாம் ஆர்டிஸ் அழுதாள். மான் போனதுகூடப் பெரிதில்லை. குறி தப்பியதையாவது அவர் தன்னுடையதென்று வைத்துக்கொண்டிருக்கலாம். அதற்கும் அவள் விடவில்லை.

கம்பிக் கதவு வந்தது. வெர்லின் கைப்பிடியைத் தேடிப் பிடித்து இறங்கினார். திறந்தார். அவள் கதவைக் கடந்து வண்டியை நிறுத்தினாள். பக்கக் கண்ணாடியில் அவர் தெரிந்தார்: கதவின் ஓரக் கம்பை வேலித்தூணோடு சேர்த்து இழுத்துப் பிடித்து, கம்பி வளையத்தை அதன் தலையில் மாட்டப் பார்த்தார். நழுவியது. மறுபடியும் நழுவியது. சாலையில் போன டிரக் ஒன்று நின்றது. ஒருவன் உதவ இறங்கினான்.

ஆர்டிஸ் தலையை வெளியே நீட்டினாள். "விடு தம்பி. அவரே சாத்துவார்."

பிறகு இரண்டு கைகளாலும் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வளையம் இன்னொரு முறை நழுவுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.