நேசையனுக்கு உட்கார்ந்தவர்கள்

சாலைக் கடைத்தெருவில், படங்களுக்குச் சட்டம் போடும் என் கடைக்கு மேல்மாடியில்தான் ஓவியன் நேசையன் இருந்தான். குடித்தனமும் தொழிலும் அங்கேயே. பாறசாலைப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். தம்பானூரில் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் மாதச் சம்பளத்துக்குப் படங்களில் சாயம் பூசிக்கொண்டிருந்தவன், நாட்டுக்குச் சுதந்திரம் வந்த மறுவருஷம் தனக்கும் வேண்டும் என்று வேலையை உதறிவிட்டு வந்தான். அவன் எழுதிய படங்களுக்குச் சட்டம் அடித்துக் கண்ணாடி போட்டுக் கொடுத்தவன் நான். ஆகையால் அவன் கதையைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு.

எழுதியதெல்லாம் செத்தவர்களை. வேறு யாரும் அவனைத் தேடி வரவில்லை. உயிரோடு இருக்கிறவர் படம் எழுதிக்கொண்டால் ஆயுள் குறையும் என்று இங்கே பல வீடுகளில் பயம். ஆள் கண்ணை மூடிய பிறகுதான் படம் நினைவுக்கு வரும். சவத்தை நாற்காலியில் சாய்த்து ஒரு போட்டோ எடுப்பார்கள். அதை நேசையனிடம் கொடுத்து, பதினாறாம் நாள் அடியந்திரச் சடங்குக்குள் பெரிய படம் வேண்டும், கண் திறந்திருக்க வேண்டும் என்பார்கள். கண் எப்படி இருக்கும் என்று கேட்டால் மகன் ஒன்று சொல்வான், மருமகள் வேறொன்று சொல்வாள். பார்த்தே இராத கண்ணை இவன் எழுதுவான். அப்படியே அப்பாதான் என்று அழுவார்கள். கண் திறக்கிற நேசையன் என்று பேராகிவிட்டது. அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவன் திரும்பிப் பார்க்க மாட்டான்.

உயிருள்ள ஒரு முகம் எதிரே உட்கார வேண்டும், அதை எழுதிக் கடைத்தெருவில் நாலு பேர் பார்க்க மாட்டிவிட்டால் அடுத்த ஆள் தானாக வருவார் என்று என்னிடம் சொல்லிக்கொண்டே இருப்பான். சம்பளத்தை விட்டதே அதற்காகத்தான். உன் பெண்டாட்டியை எழுதேன் என்றேன். பெண்டாட்டியை எழுதிச் சந்தையில் மாட்டவா என்று என்மேல் எரிந்து விழுந்தான். அந்தப் பெண்டாட்டி ரத்னாபாய் அவனுக்கு மேல் தைரியசாலி. மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவள். ஆயுளைக் கொடுக்கிறவர் கர்த்தர், அதைக் குறைக்க ஒரு டப்பாச் சாயத்தால் ஆகுமா என்று சிரிப்பாள்.

ஐம்பத்தொன்றாம் வருஷம் அரிசி மண்டிக்காரர் பகவதிப்பெருமாள் பிள்ளைக்கு அறுபதாம் கல்யாணம்; அதற்கு ஒரு படம் எழுதிக்கொள்ள ஆசைப்பட்டார். அவர் யாருக்கும் பயப்படாதவர். எமனுக்கு வழி தெரியாமலா இருக்கிறது, படத்தைப் பார்த்தா என்னைத் தேடி வருவான் என்று கேட்டுக்கொண்டே மாடியேறி வந்து நேசையன் எதிரே உட்கார்ந்தார். தினமும் மண்டி திறக்குமுன் வருவார். வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு ஊர்க்கதையெல்லாம் பேசுவார். அடுத்த நொடி சிரித்துவிடுவார் என்கிற முகம் ஒன்று அவருக்கு உண்டு. நேசையன் அதைப் பிடித்துவிட்டான். மண்டியில் அவர் இருக்கைக்குப் பின்னால் படத்தை மாட்டினார்கள். நேசையன் அப்படிச் சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை. ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் தானும் உட்காரலாமா என்று சொல்லியனுப்பினார்.

அவர் வருவதற்குள் பிள்ளை விஷக்காய்ச்சலில் படுத்தார். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? படம் எழுதினான், ஆள் விழுந்தார் என்றது சாலை முழுவதும். பிள்ளையின் மனைவி சிவகாமியம்மாள் படத்தைச் சுமந்துகொண்டு தானே மாடியேறி வந்துவிட்டார்.

“தம்பி, அது பொய்யோ மெய்யோ எனக்குத் தெரியாது. நீரு இந்த மொகத்த மாய்ச்சு அழிச்சிரும். அவரு எழும்பல்லேண்ணா நான் படத்தையா கெட்டிப்பிடிச்சிட்டு இருக்க முடியும்?”

அவர் பின்னாலேயே ஏறிப் போயிருந்த என்னை நேசையன் பார்த்தான். துடைக்காமல் பிள்ளை செத்தால் இவன் கொலைகாரன். துடைத்து அவர் பிழைத்தால், உயிரைப் பிடித்து வைத்திருந்தது இந்தப் படம்தான் என்று ஊரே சத்தியம் செய்யும். இரண்டிலும் இவன் தொழிலுக்குச் சாவுதான். அந்த அம்மாள் நின்றபடியே அழுதார். நேசையன் கத்தியை எடுத்து முகத்தைச் சுரண்டினான். அந்தச் சத்தம் தாங்காமல் நான் கீழே இறங்கி வந்துவிட்டேன்.

பிள்ளை பிழைத்தார். டாக்டர் கொடுத்த புது மாத்திரை கேட்டது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான், ஆனால் மாத்திரையை யார் நினைத்தார்கள்? ஜவுளிக்கடைக்காரர் அதன் பிறகு எங்கள் பக்கமே வரவில்லை. நேசையன் தெருவில் ஒரு குழந்தையைக் கொஞ்ச நேரம் பார்த்தால் தாய் முந்தானையால் அதன் முகத்தை மூடினாள். பிள்ளை மட்டும் ஒருநாள் என் கடை வாசலில் அவனை நிறுத்திப் பேசினார்.

“எனக்கு மனசில ஒண்ணும் இல்ல வேய். நான் போனப்பொறவு நீருதான் எழுதணும், கேட்டீரா? என் கண்ணு எப்படீண்ணு ஒமக்குத்தானே தெரியும்.”

மனிதர் அன்பாகத்தான் சொன்னார். நேசையன் சரி என்று தலையாட்டிவிட்டு மாடிக்குப் போனான். அன்று அவன் சாப்பிடவில்லை என்று ரத்னாபாய் சொன்னாள்.

சாவுப் படங்கள் மட்டும் முன்னைவிட அதிகமாக வந்தன. அப்படியே வருஷங்கள் போயின. அவனுக்கு நெஞ்சில் இருமல் கண்டது. ஐம்பத்தைந்தாம் வருஷம் ஒரு கண்ணாடியை வாங்கி எதிரே சாத்திவைத்துத் தன்னையே எழுதினான். உட்கார வேறு ஆள் இல்லையே. முடித்து என்னிடம் கொண்டுவந்து, சாயம் காய்ந்ததும் சட்டம் போட்டுத் தாருங்கள், மாடிப்படி வாசலில் மாட்டுகிறேன் என்றான். எத்தனையோ படங்கள் என் கைவழியாகப் போயிருக்கின்றன. அதுபோல ஒன்று வரவில்லை. கோபம், இருமல், பசி எல்லாம் அந்த முகத்தில் உயிரோடு இருந்தன.

கரமனையில் ஒரு மாமி இறந்துவிட்டார் என்று அழைத்து, அவன் போயிருந்த நேரம் ரத்னாபாய் இறங்கி வந்தாள். கையில், சாயத்தைக் கரைக்கிற டர்ப்பன்டைனில் நனைத்த துணி.

“அண்ணாச்சி, இதுல ஒண்ணும் கெடையாதுண்ணு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் அவரு இருமும்போ மனசு கேக்க மாட்டேங்கு. படம் போனா போட்டும். எனக்கு ஆளு வேணும்.”

நான் தடுக்கவில்லை. படத்தின் நெற்றியில் துடைக்கத் தொடங்கினாள். கண்ணருகே வந்ததும் கை நின்றது. பிறகு தன் கண்ணை மூடிக்கொண்டு துடைத்தாள்.

சாயங்காலம் நேசையன் வந்து பார்த்தான். யார் என்று கேட்கவில்லை.

“அவ அழுதாளா, அண்ணாச்சி?”

அழுதாள் என்றேன். நல்ல கித்தான், வீணாக்க வேண்டாம் என்று அதைத் தூக்கிக்கொண்டு மேலே போனான். அதன் மேலேயே கரமனை மாமியை எழுதினான். காரியத்துக்கு முன்னால் நான் சட்டம் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கண் அப்படியே இருக்கிறது என்று அந்த வீட்டில் எல்லாரும் சொன்னார்கள்.