தார்ப்பாய்க்குக் கீழே ரெண்டு பேர்

எனக்கு மோட்டார் காயில் கட்டுகிற தொழில். திண்டுக்கல் டவுனில் கடை. புகைந்துபோன போர்வெல் மோட்டாரைக் கொண்டுவந்து போட்டால், கருகின கம்பியை உருவி எறிந்துவிட்டுப் புதுசாகச் சுற்றிக் கொடுப்பேன். இதை எதற்கு முதலிலேயே சொல்கிறேன் என்றால், கம்பி சுற்றத் தெரிந்தவனுக்குக் கயிறு கட்டத் தெரியாதா என்கிற திமிர் எனக்கு எங்கேயிருந்து வந்தது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும், அதற்காக.

எல்லாம் செல்போனில் பார்த்த வீடியோவால் வந்த வினை. ஏதோ ஒரு வெளிநாட்டுக் காடு. ஒரு புருசனும் பொண்டாட்டியும் ரெண்டு மரத்துக்கு நடுவே ரெண்டு துணி ஊஞ்சலை, எங்கள் பேச்சில் தூரியை, பக்கத்தில் பக்கத்தில் கட்டி, மேலே ஒரே ஒரு கூரைத்துணியை இழுத்துவிட்டு, ஆளுக்கொன்றில் படுத்துக்கொண்டு காப்பி குடிக்கிறார்கள். நடுநடுவே கையை நீட்டிப் பிடித்துக்கொள்கிறார்கள். அதற்குப் பெயர் ஹேமாக் கேம்பிங் என்று போட்டிருந்தது. கடையில் உட்கார்ந்து அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். நம்மாலும் முடியும் என்று தோன்றிவிட்டது. எனக்கு அப்படித் தோன்றுகிற நாளெல்லாம் வீட்டுக்குக் கெட்ட நாள்.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. சட்டென்று சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் எங்கள் ஊரில் இதை யாரும் சட்டென்று கேட்க மாட்டார்கள், "விசேஷம் ஏதும் உண்டா?" என்று இழுப்பார்கள். மதுரைக்கும் திண்டுக்கல்லுக்குமாக ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்து, ஒரு நாள் திரும்பி வரும்போது பஸ்ஸில் சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே என் மனைவி, "போதும்ங்க" என்றாள். நானும் "சரி" என்றேன். அம்புட்டுத்தான் பேச்சு.

ஆனால் அன்றிலிருந்து என் மண்டைக்குள் ஒரு பூச்சி. அவள் ஒரு லேபில் வேலை பார்க்கிறாள். பகல் முழுக்க ஊரார் கையில் ஊசி குத்தி ரத்தம் எடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தால் அங்கே யார் இருக்கிறார்கள்? நான் இருக்கிறேன். கண்ணாடியில் பார்த்தேன். தொப்பை, பாதி வழுக்கை, எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத வார்னிஷ் வாடை. பாவம், காலம் பூரா இந்த ஒரு ஆளை மட்டும் வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்? நான் ஒருத்தன் அவளுக்குப் போதுமா? இதை வாய்விட்டுக் கேட்கத் தைரியம் இல்லை. கேட்கிறதுக்குப் பதிலாகச் சாமான் வாங்க ஆரம்பித்தேன்.

முதலில் மீன் தொட்டி. எங்கள் போர்வெல் தண்ணியைக் குடித்து மனுசனே உயிரோடு இருப்பது அதிசயம், மீன் என்ன செய்யும்? ஒரே வாரத்தில் எல்லாம் மல்லாந்துவிட்டன. அப்புறம் கியர் வைத்த சைக்கிள், ஆளுக்கொன்று. ஜோடியாகச் சின்னாளப்பட்டி வரைக்கும் போனோம். திரும்பி வரும்போது சைக்கிள் ரெண்டும் குட்டியானை லோடு வண்டியில் படுத்துவந்தன, நானும் அதுகளோடு படுத்துத்தான் வந்தேன். அப்புறம் பாட்டு வாசிக்கிற கீபோர்டு ஒன்று வாங்கினேன். அதைப் பற்றிப் பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்த வரிசையில்தான் ஹேமாக். நீலத்தில் ஒன்று, ஆரஞ்சில் ஒன்று. பார்சலைப் பிரித்ததும் அவள், "என்னங்க இது, நமக்குத் தூளியா?" என்று கேட்டுச் சிரித்தாள். வரவே மாட்டேன் என்றும் சொன்னாள்.

அவளை வரவைத்தது ஒரு வளைகாப்பு. அவளுடைய சித்தப்பா மகள் வீட்டில், நான் போகலாம் என்று சொன்ன அதே ஞாயிற்றுக்கிழமை. இதற்கு முந்தின வளைகாப்பில் இவளும் ஆசையாக வளையலை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றிருக்கிறாள். எவளோ ஒருத்தி, நல்லவள் மாதிரியே, "நீ செத்த தள்ளி நில்லுத்தா, பிள்ளை பெத்தவுக போடட்டும்" என்று கையிலிருந்ததை வாங்கிக்கொண்டாளாம். வீட்டுக்கு வந்தவள் துவைத்த துணியையே எடுத்து மறுபடி துவைத்தாள். எனக்கு வந்த கோவத்துக்கு அந்த மண்டபத்தையே கொளுத்தியிருப்பேன். கொளுத்தவில்லை. துணியைப் பிழிந்து கொடுத்தேன்.

அதனால், "ஊரிலேயே இல்லைன்னு சொல்லிருவோம். ஒரு நாள், ஒரே ஒரு நாள், நம்மளை யாரும் எதுவும் கேட்காத இடத்துக்குப் போவோம்" என்றேன். அவள், "எலுமிச்சஞ் சோறு கிண்டட்டா?" என்றாள்.

இடம் கொடுத்தவர் என் வாடிக்கைக்காரர், செம்பட்டிக்கு அந்தப் பக்கம் தோட்டம் வைத்திருக்கிற விவசாயி. "நம்ம காட்டை ஒட்டிக் கம்மாக்கரையில ஒரு ஆலமரமும் வேப்பமரமும் இருக்கு. நல்ல நெழலு. ஒரு ஈ காக்கா வராது" என்றார். ஈயும் காக்காவும் உண்மையிலேயே வரவில்லை. அந்த மட்டுக்கு அவர் சொன்னது சரிதான்.

அவருடைய தோட்டக்காட்டு வழியாக, மரத்துக்குப் பின்பக்கமாகப் போய் வண்டியை நிறுத்தினேன். அவள் இறங்கிச் சோற்றுச் சட்டியையும் உருளைக்கிழங்கு வெஞ்சனத்தையும் எறும்பு ஏறாத இடமாகப் பார்த்து வைத்துக்கொண்டிருந்தாள். நான் புதுசாக வாங்கின அரைக்கால் டவுசரோடு கட்டுமானத்தில் இறங்கினேன். அந்த டவுசரில் எண்ணி மாளாத பாக்கெட். ஒன்றிலும் ஒன்றும் இல்லை.

ஆலமரத்தில் கயிறைச் சுற்றும்போது பார்த்தேன். அடிமரத்தில் மஞ்சள் நூல், சுற்றுச் சுற்றாக, ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல், இடைவெளி விடாமல் சுற்றியிருந்தது. இந்த இடத்தில் புத்தியுள்ள எந்தத் தமிழனுக்கும் ஒரு யோசனை வந்திருக்கும். எனக்கு வந்த யோசனை, 'அடேங்கப்பா, எவனோ நல்லாச் சுத்தியிருக்கான்யா, நம்ம கடைக்கு ஆளாக் கிடைச்சா நல்லாருக்குமே' என்பது. அந்த நூலுக்கு மேலேயே ரெண்டு தூரியையும் கட்டினேன். அதற்கும் மேலே கடையிலிருந்து கொண்டுவந்த தார்ப்பாய். பார்சலோடு வந்த கூரைத்துணி சிப்ஸ் பாக்கெட் மாதிரி இருந்ததால் அதை நம்பவில்லை. என் தார்ப்பாய் மழைக்காலத்தில் மோட்டாரை மூடி வைக்கிறது, கிரீஸ் கறையோடு கனமாக இருக்கும். இந்தப் பக்கம் நின்றபடியே, எட்டிக்கூடப் பார்க்காமல், அதை மரத்துக்கு அந்தப் பக்கம் தரை வரைக்கும் தொங்கவிட்டேன். மறைவாக இருக்கட்டுமே என்று.

சாப்பிட்டுவிட்டு ஏறினோம். ரெண்டும் அதே ரெண்டு மரத்தில் கட்டியது, அதுவும் ஒரே கயிற்றில். அதனால் நான் உட்கார்ந்ததும் அவள் மேலே போனாள். "ஏங்க, இது என்ன தராசா?" என்றாள். படுத்ததும் ரெண்டு பேரும் நடுவில் சரிந்து இடுப்போடு இடுப்பு மோதினோம். உள்ளே வெக்கை இட்லிச் சட்டி மாதிரி. வீடியோவில் கையைப் பிடித்துக்கொண்டார்களே என்று நான் கையை நீட்டினேன், தூரி புரளப் பார்த்தது. கையை உள்ளே இழுத்துக்கொண்டேன்.

"பேசாமப் படுங்க" என்று அவள் காலை வெளியே நீட்டி என் தூரியை மெதுவாக உந்திவிட்டாள். ஆடியது. கொஞ்சம் காற்றும் வந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்தச் செத்த நேரம் சொர்க்கம்.

அப்போதுதான் தார்ப்பாய்க்கு அந்தப் பக்கம் கொலுசுச் சத்தம். தார்ப்பாயின் ஓரத்தைத் தூக்கிக்கொண்டு ஒரு அம்மா எட்டிப் பார்த்தார். நெற்றி நிறையக் குங்குமம், கையில் மஞ்சள் துணி சுற்றின பொம்மைத் தொட்டில். பின்னால் ஒரு இளம்பெண், தேங்காய் பழத் தட்டோடு தலையைக் குனிந்தபடி.

"யாத்தே! இம்புட்டுப் பெருசாவா கட்டுவாக?" என்றார் அந்த அம்மா. எங்கள் ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. எனக்குத்தான் இன்னும் ஒன்றும் விளங்கவில்லை.

"நாங்களும் அதுக்குத்தான் வந்திருக்கோம் தாயி. இவ என் மருமக, மில்லுக்குப் போறா, இன்னைக்குத்தான் லீவு கிடைச்சுச்சு. இந்த ஆத்தாவுக்குத் தொட்டில் கட்டுனா வீணாப் போகாது." என் மனைவி பக்கம் குனிந்தார். "ஒனக்குக் கல்யாணமாகி எம்புட்டு வருசம் தாயி ஆச்சு?"

வந்துவிட்டது. அந்தக் கேள்விக்குப் பயந்து வீட்டைப் பூட்டி, பொய் சொல்லி, கம்மாக்கரைக்கு ஓடிவந்தால், அது எங்களுக்கு முன்னாலேயே வந்து காத்துக்கொண்டிருக்கிறது. எனக்குச் சுர்ரென்று ஏறியது. 'உங்களுக்கு என்ன வந்துச்சு?' என்று கேட்டே தீர்வது என்று விசுக்கென எழுந்தேன்.

தூரியிலிருந்து விசுக்கென எழக் கூடாது என்பது வீடியோவில் இருந்திருக்கும். நான் அதுவரைக்கும் பார்க்கவில்லை. துணி அப்படியே புரண்டு என்னை உருட்டிவிட்டது. தார்ப்பாய்க்கு அடியில் புகுந்து மரத்துக்கு அந்தப் பக்கம் போய், கையிரண்டும் முன்னால் நீள, குப்புற விழுந்தேன்.

"பாரு மருமகளே, எப்படி விழுந்து கும்புடுறாரு பாரு! இந்தப் பக்தி ஒம் புருசனுக்கு இருக்கா?" என்றார் அந்த அம்மா.

தலையைத் தூக்கினேன். மூக்குக்கு நேரே மஞ்சள் பூசின கல், பட்டுத்துணி, எலுமிச்சம்பழம். அதற்கு மேலே, நான் தார்ப்பாயால் மூடிவைத்த அந்தப் பக்கத்துக் கிளையெங்கும், சின்னச் சின்னத் தொட்டில்கள். மரத்தில் செய்தது, துணியில் முடிந்தது, வெயிலில் வெளுத்தது, நேற்றுக் கட்டினது. பிள்ளை வேண்டிக் கட்டுகிற மரத்தில், ஊரிலேயே பெருசாக ரெண்டு கட்டி, அதில் நானே ஏறிப் படுத்திருக்கிறேன்!

எனக்கு அடி வலிக்கவில்லை. திரும்பி அவள் முகத்தைப் பார்க்கத்தான் பயமாக இருந்தது. ஒரு நாள், யாரும் கேட்காத ஒரே ஒரு நாள் என்று கூட்டிக்கொண்டு வந்து, கேட்கிறதற்கென்றே இருக்கிற இடத்தில் கொண்டுவந்து படுக்கப் போட்டிருக்கிறேன். நானெல்லாம் ஒரு மனுசனா?

ஆரஞ்சுத் தூரி குலுங்கியது. அழுகிறாள் என்றுதான் நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். சத்தம் வராமல் ஆரம்பித்து, வாயைப் பொத்தியும் அடங்காமல், கண்ணில் தண்ணி வடிய, "ஐயோ அந்த டவுசரு... அந்த டவுசரு..." என்று அதற்கு மேல் பேச்சே வரவில்லை. மருமகப் பெண்ணும் தட்டை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு குலுங்கினாள்.

அந்த அம்மா என்னை எழுப்பி, "வாப்பா, தேங்காய ஒடை, ஆம்பளைக் கை நல்லது" என்று கல்லுக்கு முன்னால் உட்காரவைத்துவிட்டுக் கற்பூரம் தேடப் போனார். தார்ப்பாய்க்கு அந்தப் பக்கம் என் மனைவியின் குரல் கேட்டது. "நின்னுக்கிட்டே இருக்கியே, வா, அவரு எடம் காலியாத்தான் கெடக்கு. மெதுவா உக்காரு. ஆ, அப்படித்தான்."

நீலத் தூரி கிறீச்சென்றது. ரெண்டு பெண்கள் பக்கத்தில் பக்கத்தில் படுத்திருக்கிறார்கள், ஒரே தார்ப்பாய்க்குக் கீழே. நான் வெளியே வெயிலில் தேங்காயோடு.

அந்தப் பெண் மெல்லக் கேட்டது என் காதில் விழுந்தது. "அக்கா, கடைசி வரைக்கும் இல்லாமலே போயிருச்சுன்னா... பொழுது எப்படிக்கா போகும்?"

தேங்காயை ஓங்கின கை அப்படியே நின்றுவிட்டது. இத்தனை வருசமாக நான் கேட்கப் பயந்த கேள்வி. மீன் தொட்டிக்கும் சைக்கிளுக்கும் பின்னால் ஒளித்துவைத்த கேள்வி. அதை முன்பின் தெரியாத ஒரு பிள்ளை இம்புட்டு லேசாகக் கேட்டுவிட்டது.

"பொழுதா?" என்றாள் என் மனைவி. "எனக்கு எங்கம்மா இருக்கு பொழுது? இந்த மனுசன் விடுறாரா? மீனு வாங்கிக் கொன்னாரு. சைக்கிள்ல கூட்டிட்டுப் போயி லோடு வண்டியில கூட்டியாந்தாரு. ராத்திரியில பாட்டு வாசிக்கிறேன்னு தெருவையே எழுப்புனாரு. இப்ப இது. நாளைக்கு என்ன வாங்கிட்டு வருவாரோன்னு நெனச்சுக்கிட்டேதான் லேப்ல இருந்து வீட்டுக்கு வாரேன். வேகமா வருவேன், தெரியுமா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அதை மறைக்கத் தேங்காயைப் பக்கத்தில் கிடந்த கல்லில் அடித்தேன். கோணல்மாணலாக உடைந்தது. கற்பூரத்தோடு திரும்பி வந்த அந்த அம்மா அதைப் பார்த்துவிட்டு, பரவாயில்லை, ஆத்தா கோவிச்சுக்க மாட்டா என்றார்.

மருமகள் இறங்கிப் பொம்மைத் தொட்டிலைக் கட்டினாள். கும்பிட்டு முடித்து, கிளம்புகிற நேரத்தில் அந்த அம்மா மஞ்சளைக் குழைத்து எங்கள் தூரிக் கயிற்றின் ரெண்டு முனையிலும் பூசினார். நான் தடுக்கவில்லை. "பாரு தாயி, அடுத்த வருசம் இதே எடத்துக்கு நீங்க மூணு பேரா வருவீக."

மற்ற நாளாக இருந்தால் இந்த வார்த்தைக்குப் பின் வண்டியில் ஊர் வரைக்கும் சத்தமே இருக்காது. நான் அவள் முகத்தையே பார்த்தேன்.

"வாரோம்மா, கட்டாயம் வாரோம்" என்றாள் அவள், தூரியிலிருந்து எழாமலே, காலை நீட்டிப் பக்கத்துத் தூரியைத் தன்பக்கம் இழுத்துக்கொண்டு. "ஆனா ரெண்டு பேராத்தாம்மா வருவோம். இவரு ரெண்டுதான் வாங்கியிருக்காரு."

பிறகு என்னைப் பார்த்து, "நிக்கிறீங்களே, மெதுவா ஏறுங்க" என்றாள்.