ஆணி இல்லாத கட்டில்

எங்கள் அறைக்கு வருகிறவர்கள் நான் வடிவமைத்த கதிரையைக் கையால் இரண்டு தரம் அழுத்திப் பார்ப்பார்கள். பிறகு சிரித்துவிட்டு அதன் பக்கத்தில் தரையில் உட்காருவார்கள். நானும் அம்மாவும் வடக்குப்பட்டுக்கு வந்து இரண்டு வருடமாகிறது. இதுவரை அந்தக் கதிரையில் முழுப் பாரத்தையும் வைத்து உட்கார்ந்தவர் ஒருவருமில்லை. ஆணி இல்லாத சாமான் மனிதரைத் தாங்கும் என்று இந்த ஊர் நம்புவதில்லை. வீட்டுக்காரப் பெண்மணி கன்னியம்மா அக்கா முதல் நாளே கேட்டுவிட்டார்: "ஏம்மா, உங்க ஊர்ல நாக்காலி கூட மூட்டை கட்டிக்கினு கெளம்புமா?"

கொழும்பில் படவரைஞராகப் பயின்றவள் நான். இப்போது ஒரகடம் கூட்டுச்சாலைப் பக்கம் ஒரு தச்சுப் பட்டறையில், மெட்ராஸ் அடுக்குவீடுகளுக்கான தளபாடங்களை வரைகிறேன். சுவரோடு மடியும் மேசை, ஒன்றின்மேல் ஒன்று அடுக்கும் கதிரை, மர ஆப்புகளைத் தட்டினால் தனித்தனிப் பலகையாகிவிடும் கட்டில். முதலாளி இவற்றை 'மாடர்ன்' என்கிறார். எனக்கு மூன்று நிபந்தனைகள் உண்டு. இரண்டு பெண்கள் தூக்கக்கூடியதாக இருக்க வேண்டும். எந்த வாசலாலும் வெளியே போக வேண்டும். ஒரு உலை சோறு வேகுமுன் கழற்றி முடிய வேண்டும். அடுக்குவீட்டுப் படிகள் ஒடுக்கமென்பதால் இப்படி யோசிக்கிறேன் என்று முதலாளி பாராட்டினார். நான் திருத்தவில்லை.

எங்கள் கொழும்பு வீட்டில் எல்லாமே கனமானவை. அப்பா செய்வித்த முதிரை மரக் கட்டிலைப் பலகை பலகையாகக் கொண்டுவந்து அறைக்குள் வைத்தே பூட்டியிருந்தார்கள். ஒருநாள் இரண்டு இளைஞர்கள் வந்து, எந்த வீட்டில் யார் என்று மிக மரியாதையாகக் கேட்டு எழுதிக்கொண்டார்கள். அம்மா தேநீர் கொடுத்தார். வாசல் கேற்றில் சோக்கட்டியால் ஒரு கோடு போட்டுவிட்டு நன்றி சொல்லிப் போனார்கள். சில வாரம் கழித்துக் கலவரக்காரர் கோடு போட்ட வீடுகளைத் தேடி வர, நாங்கள் ஓட வேண்டி வந்தபோது அந்தக் கட்டில் வாசலைத் தாண்டவில்லை. அம்மா அதன் விரிப்பை இழுத்துச் சரிசெய்துவிட்டு வந்தார்.

அதே அம்மாதான் இந்த மாசியில், என் கழற்றும் கட்டிலில் படுக்க மாட்டேன் என்றார். "இனி எழும்பி ஓட எனக்கு ஏலாது பிள்ளை. ஆணி அடிச்சுத் தா." பட்டறை ஆட்கள் வந்து, நீள ஆணிகளால் அறைக்குள்ளேயே அடித்துக் கொடுத்தார்கள். வாசலைவிட அகலம். கன்னியம்மா அக்கா அதில் ஏறிச் சம்மணமிட்டு உட்கார்ந்து ஒரு குலுக்குக் குலுக்கினார். "இதாம்மா கட்டிலு! இனிமே நீ எங்கியும் போவ மாட்ட." எனக்கும் அப்படித்தான் தோன்றியது. சந்தோஷமாகக்கூட இருந்தது.

அடுத்த வாரம் சங்கிலியோடு சிலர் வந்து பின்பக்க நிலத்தை அளந்து கல் நட்டார்கள். தெருவில் ஒவ்வொரு வீட்டு வாசலுக்குப் பக்கத்திலும் வெள்ளை வர்ணத்தில் ஓர் எண். அக்கா அவர்களுக்கு மோர் கொடுத்தார். நான் எண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓரங்கள் கூர்மையாக, பிசிறில்லாமல் இருந்தன. தகரத்தில் வெட்டிய அச்சை வைத்துப் பூசிய எண். ஒரு தெருவுக்காக யாரும் அச்சு வெட்டுவதில்லை.

"ஏனக்கா வீட்டுச் சுவரில எழுதினவை?"

"ரோடு பெருசாவுதாம். பஸ்ஸு நம்ம வூட்டாண்டயே நிக்குமாம்."

"ரோட்டுக்கு ஏன் வீட்டு நம்பர்? ஆரிட்டயும் கேட்டுப் பாருங்கோவன்."

அவர் என் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "ஓ, அதானா? பஸ்ஸு வந்தா வாடகைய ஏத்திடுவேன்னு பயந்துக்கினு கீறியா? ஏத்த மாட்டேன், போ." எங்கள் கேற்றில் போட்ட கோட்டின் கதையைச் சொல்ல வாயெடுத்தேன். மோர்ச் சொம்பைக் கழுவிக்கொண்டே, "எங்க மாமனாரு கட்டுன வூடும்மா இது" என்றார்.

பங்குனியில் அக்காவின் புருஷன் அந்த எண்ணைப் பற்றிக் கேட்க ஸ்ரீபெரும்புதூர் தாலுகா ஆபீசுக்குப் போய்விட்டு வந்து, சட்டையைக் கழற்றாமல் நெடுநேரம் வாசலில் நின்றார். மறுநாள் மத்தியானம் அக்கா எங்கள் அறைக்கு வந்தார். கதிரையை அழுத்திப் பார்க்கவில்லை. நேராக அதில் உட்கார்ந்தார், முழுப் பாரத்தோடு. கதிரை தாங்கியது.

"இந்த மாரி ஒரு கட்டிலு செஞ்சி தருவியா? ஆணி வாணாம்."

"என்ன அளவில அக்கா?"

"அளவா?" கொஞ்சம் யோசித்தார். "எந்த வூட்டு வாசல்லயும் நொழையற மாரி."

செய்து கொடுத்தேன். இப்போது வெயில் ஏறியதும் தன் முன்னறையில் அக்கா அதில் சாய்ந்துகொள்கிறார். ஆப்புகளைத் தட்டி எடுக்கும் கொட்டாப்புளி தலைமாட்டில் இருக்கிறது. அதை அடுத்த எங்கள் அறையில், வாசலைத் தாண்ட முடியாத கட்டிலில் அம்மா தூங்குகிறார். இரண்டுக்கும் நடுவில் நான் பாய் விரித்துப் படுக்கிறேன். ஒரு பக்கம், அக்கா புரளும்போதெல்லாம் ஆப்புகள் மெல்ல முனகுகின்றன. மறு பக்கம், ஆணி அடித்த கட்டிலில் சத்தமே இல்லை.