ஒரிஜினல்கள் இருந்த பீரோ

எங்கள் பக்கத்துத் தனியார் பள்ளிகளில் ஒரு வழக்கம் உண்டு. வேலைக்குச் சேரும் ஆசிரியர் தன் சான்றிதழ்களின் ஒரிஜினலைக் கொண்டுவந்து அலுவலகத்தில் ஒப்படைத்துவிட வேண்டும். பத்திரமாக இருக்கட்டும் என்று சொல்லித்தான் வாங்குவார்கள். ஆண்டு நடுவில் வேறு வேலை கிடைத்து யாரும் போய்விடக் கூடாது என்பதற்காகத்தான் அது என்று வாட்ச்மேனுக்குக்கூடத் தெரியும். உத்திரமேரூரை ஒட்டிய ஒரு மெட்ரிக் பள்ளியில் அந்த ஒரிஜினல்களை வாங்கி, உறையில் போட்டு, பெயர் எழுதி, இரும்பு பீரோவில் அடுக்கிப் பூட்டுவது எட்டு வருடம் என் வேலையாக இருந்தது.

பிளஸ் டூ முடித்த கையோடு அங்கே சேர்ந்தேன். அப்பா அரிசி ஆலையில் மூட்டை தூக்கினார். என்னைக் கல்லூரிக்கு அனுப்ப வழியில்லை. அலுவலக உதவியாளர் என்று பெயர். டி.சி. எழுதுவது, பிள்ளைகளின் விவரங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது, வேன்களுக்கு எஃப்.சி. தேதி தவறாமல் பார்ப்பது, அங்கீகாரம் புதுப்பிக்கத் தாசில்தார் ஆபீசுக்கும் தீயணைப்பு நிலையத்துக்கும் நடையாய் நடந்து சான்று வாங்குவது எல்லாம் என் தலையில். இரண்டே வருடத்தில் எனக்குத் தெரியாத காகிதம் அந்தப் பள்ளியில் இல்லை. இதைச் சொல்லும்போது இன்றும் எனக்குக் கொஞ்சம் திமிர் வரும். வரட்டும், அது ஒன்றாவது என்னுடையது.

தாளாளர் என் வேலையைக் கவனித்துக்கொண்டுதான் இருந்தார். ஒருநாள் கூப்பிட்டு, "நீ ஒரு டிகிரி மட்டும் முடிச்சிடும்மா. மேனேஜர் சீட்டு சும்மாத்தான கீது? உனக்கே ஆர்டர் போட்டுத் தரேன்" என்றார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு அஞ்சல் வழியில் பி.பி.ஏ. சேர்ந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் காஞ்சிபுரத்தில் வகுப்பு. மற்ற நாட்களில் மதியம் சாப்பிடும் நேரத்தில் புத்தகம். பரீட்சை நாளில் ஆய்வு அதிகாரி வந்துவிட்டால் பரீட்சையை விட்டுவிட்டு ஆய்வுக்கு நின்றேன். மூன்று வருடப் படிப்பு ஐந்து வருடம் ஆனதற்கு என் மூளையைக் குறை சொல்ல முடியாது.

படிப்பின் நான்காம் வருடத்தில்தான் எங்கள் கணக்கு டீச்சர் ஒருவரின் விஷயம் நடந்தது. திருமுக்கூடலிலிருந்து பஸ் பிடித்து வருபவர். இரண்டு பிள்ளைகள், வேலை இல்லாத கணவர். பல வருடம் பரீட்சை எழுதி, ஒருவழியாக அரசுப் பள்ளி ஆசிரியர் தேர்வில் பெயர் வந்திருந்தது. சான்றிதழ் சரிபார்ப்புக்கு ஒரிஜினலோடு காஞ்சிபுரம் வரச் சொல்லியிருந்தார்கள். தாளாளரிடம் கேட்டார். அவர் "மார்ச் முடியட்டும் மிஸ், பத்தாவது புள்ளைங்கள நடுத்தெருவுல வுட்டுட்டுப் போவீங்களா?" என்று சிரித்துக்கொண்டே அனுப்பிவிட்டார். தாளாளர் சென்னைக்குக் கிளம்பிய பிறகு டீச்சர் என் மேசைக்கு வந்தார்.

"சாவி உங்கிட்டதானம்மா கீது. ஒரே ஒரு நாளு. காட்டிட்டு சாய்ந்தரமே கொண்டாந்து வச்சிடறேன். எம் புள்ளைங்க மேல சத்தியமா."

"சார் சொல்லாம நான் எப்டி மிஸ் தர்றது?"

"அவருக்குத் தெரியவே தெரியாதும்மா. நீயும் படிச்சிக்கினுதான கீற? உனக்குத் தெரியாதா என் கஷ்டம்?"

தெரியும். நன்றாகவே தெரியும். சாவி என் பையில்தான் இருந்தது. ஆனால் அந்த நேரத்தில் என் மனதில் ஓடியது என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் நிர்வாகம், நீ ஊழியர் என்பதுதான் ஓடியது. மாதம் பிறந்தால் அவரைவிடக் குறைவான சம்பளம் வாங்கிய நான், ஒரு சாவியை வைத்துக்கொண்டு என்னை முதலாளி என்று நம்பினேன். "ஜெராக்ஸ் வேணா எடுத்துத் தரேன் மிஸ்" என்றேன். ஏதோ பெரிய உதவி செய்வதுபோல.

ஜெராக்ஸோடுதான் போனார். ஒரிஜினல் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மறுநாள் முதல் பீரியடுக்கு வழக்கம்போல வந்து, வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு, சாக்பீஸ் வாங்கிக்கொண்டு வகுப்புக்குப் போனார். என்னைத் திட்டவில்லை. அடுத்த மாதம் என் பி.பி.ஏ. பரீட்சையில் 'நிர்வாகத்தில் கட்டுப்பாடு' என்று ஒரு கேள்வி வந்தது. ஆறு பக்கம் எழுதினேன். நல்ல மார்க்.

பட்டம் வந்தது. பல்கலைக்கழக முத்திரை போட்ட அந்தத் தாளை அம்மா தொடுவதற்கு முன் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். தாளாளரிடம் எடுத்துப் போனேன். நன்றாகப் பார்த்துவிட்டு, "ரொம்ப சந்தோசம்மா. ஒரிஜினல பீரோவுல வச்சிடு, ஆர்டர் போட்டுடலாம்" என்றார். என் பெயரை நானே உறையில் எழுதி, நானே உள்ளே வைத்து, நானே பூட்டினேன். உலகத்தில் இப்படி ஒரு மடச்சி இருப்பாளா?

ஆர்டர் அவருடைய மாப்பிள்ளைக்குப் போனது. சென்னையில் செல்போன் கடை வைத்து நொடித்துப்போனவர். "வூட்டுல சும்மா கீறாரும்மா. நீ கூட இருந்து கத்துக்குடு, உனக்கும் பாத்துச் செய்யறேன்" என்றார் தாளாளர். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை ஆண்டுதோறும் எங்கள் ஊர்க் கோயில் மண்டபக் கல்வெட்டைக் காட்ட அழைத்துப் போவோம். பதவிக்கு வருகிறவனுக்கு என்னென்ன தகுதி வேண்டும் என்று அதில் வெட்டி வைத்திருக்கிறது. அந்தச் சுற்றுலாவுக்கான அனுமதிக் கடிதத்தை மாப்பிள்ளைக்கு நான்தான் எழுதிக் கொடுத்தேன். கையெழுத்து எங்கே போடுவது என்று கேட்டார். விரல் வைத்துக் காட்டினேன்.

காஞ்சிபுரத்தில் பெரிய பள்ளி ஒன்றில் நிர்வாக அலுவலர் வேலைக்கு ஆள் எடுத்தார்கள். நேர்காணலுக்கு ஒரிஜினல் கட்டாயம். தாளாளரிடம் கேட்டேன். "இன்னாம்மா அவசரம்? பப்ளிக் எக்சாம் முடியட்டும்" என்று அதே சிரிப்பு. வெளியே வந்தேன். மதியம் எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் பீரோவைத் திறந்தேன். என் உறைக்குக் கீழே கணக்கு டீச்சரின் உறை இருந்தது. அந்த நேரம் அவர் ஆசிரியர் அறையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கூப்பிட்டுக் கொடுத்திருக்கலாம். நாற்பது பேருடையதையும் எடுத்துக் கொடுத்திருக்கலாம். என்னுடையதை மட்டும் எடுத்துக்கொண்டு பீரோவைப் பூட்டினேன். சாவியை மாப்பிள்ளையின் மேசை டிராயரில் போட்டுவிட்டு பஸ் ஏறினேன்.

மறுநாள் நேர்காணலில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். சான்றிதழைப் புரட்டிப் பார்த்துவிட்டு, நடுவில் இருந்தவர், "டீச்சர்ஸ் வருசம் நடுவுல உட்டுட்டுப் போறாங்க. அத நீங்க எப்படிச் சமாளிப்பீங்க?" என்று கேட்டார்.

திருமுக்கூடல் டீச்சரின் கதையைச் சொன்னேன். அழுது கேட்டும் நான் இறங்கி வரவில்லை என்றேன். அவர் அழவில்லை, அதையும் நானே சேர்த்துக்கொண்டேன். கடைசிவரை அவர் பள்ளியை விட்டுப் போகவில்லை, அந்த வருடம் பத்தாம் வகுப்புக் கணக்கில் ஒருவர்கூட ஃபெயில் இல்லை என்று முடித்தேன்.

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையசைத்தார்கள். திங்கட்கிழமையே வந்து சேரச் சொன்னார்கள்.