மூன்று அம்பும் பத்தொன்பது அம்பும்

நல்லூர் சாரதாமணிக்கு கார் ஓட்டத் தெரியாது. சைக்கிளே முப்பது வயதுக்கு மேல்தான் பழகினாள். இருந்தும் 2006 வாக்கில் அந்தப் பக்கம் யார் பழைய வண்டி வாங்கப் போனாலும் அவளைத்தான் கூட்டிப்போனார்கள். சிரிக்க வேண்டாம், விஷயம் இருக்கிறது.

பதினேழு வயதில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குச் சேர்ந்தவள். இருபத்திரண்டு வருடமாக அதே வேலைதான். துணியை உள்பக்கம் புரட்டி வெளிச்சத்தில் பிடிப்பாள். பிசிறோ ஓட்டையோ கண்ணில் பட்டால் அங்கே ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவாள். தைத்துச் சரியாகும் என்றால் ஆல்டர், ஆகாது என்றால் ரிஜெக்ட். புருஷன் பழைய கார் பார்க்கப் போன அன்று, பையில் கிடந்த ஸ்டிக்கரை அந்தக் கார் முழுக்க ஒட்டிவிட்டாள். விற்க வந்தவர் முகம் சுண்டிப்போய் விலையைக் குறைத்தார். அதோடு ஊரில் பேராகிவிட்டது.

அதே கம்பெனியில் தைக்கும் இசக்கிமுத்துவும் அவளைத்தான் தேடி வந்தான். தூத்துக்குடிப் பக்கத்துக்காரன், இரண்டு பிள்ளைக்குத் தகப்பன். பல்லடத்துப் பெண்களைக் காலையில் கூட்டிவந்து மாலையில் கொண்டுபோய் விட, அவன் ஒரு வேன் வாங்கினால் ஒன்றாம் தேதி முதல் அதையே வைத்துக்கொள்வதாக மேனேஜர் சொல்லியிருந்தார். ஆனால் வண்டி ஒருநாள் வழியில் நின்றாலும் வேறு ஆள் பார்த்துக்கொள்வார்களாம். வாங்குவது சொத்தையாகிவிட்டால், நாலு வருடம் ஓவர்டைம் பார்த்துச் சேர்த்ததெல்லாம் மண்ணாகிவிடும்.

புரோக்கரிடம் இரண்டு பழைய ஆம்னி வேன்கள் நின்றன. ஒன்று புதுப் பெயின்ட்டும் புது சீட் கவருமாக வெள்ளைவெளேரென்று கல்யாண மாப்பிள்ளை மாதிரி. இன்னொன்று சாம்பல் நிறம், கதவெல்லாம் ஒடுக்கு, சீட் கிழிசல். சாரதாமணி இரண்டையும் சுற்றிவந்து ஒட்டி முடித்தாள். வெள்ளையில் மூன்று அம்பு, சாம்பலில் பத்தொன்பது.

"மூணே மூணுதான்க்கா. வெள்ளைக்கே அட்வான்ஸ் குடுத்திரட்டுமா?" என்றான் இசக்கிமுத்து.

"அம்ப எண்ணாத கண்ணு. எங்க ஒட்டியிருக்குதுன்னு பாரு."

டிரைவர் சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துக் காட்டினாள். எப்போதும் உள்ளே சுருண்டு கிடக்கும் பாகத்தில் ஊதா நிறத்தில் கோடு. அந்த நிறம் அவளுக்குத் தெரியாதா? சாயப்பட்டறைகள் ஆற்றில் விடும் சாயத்தண்ணீர். ஆற்றோரத்தில் வெள்ளம் புகுந்தபோது வண்டி அதில் நின்றிருக்கிறது. சீட்டையும் கால்மிதியையும் மாற்றியவனுக்கு பெல்ட்டை இழுத்துப் பார்க்கத் தோன்றவில்லை.

"அது சும்மா கறைங்க" என்றார் புரோக்கர்.

கூட வந்த ராயபுரம் மெக்கானிக் கிட்டுசாமி டேஷ்போர்டுக்கு அடியில் கைவிட்டு ஒரு ஒயரை உருவினார். முனை பச்சை பூத்திருந்தது. "இன்னைக்கு லைட்டு போகும், நாளைக்கு செல்ஃப் போகும். செலவு இவ்வளவுதான்னு யாராலயும் சொல்ல முடியாதுங்க. அந்தச் சாம்பல் வண்டிக்கு சைலன்சர், பிரேக், ரெண்டு டயரு. பன்னெண்டாயிரத்துல முடிஞ்சுருங்க. இஞ்சின் நல்லாருக்குது."

"ஒரே ஓட்டை இருந்தாலும் ரிஜெக்ட்டு. பத்தொம்பது பிசிறு இருந்தாலும் ஆல்டர்தான் கண்ணு" என்றாள் சாரதாமணி.

இசக்கிமுத்துவுக்கு மனசே இல்லை. "இந்தத் தகரத்துல எங்க வீட்டுக்காரி ஏறவே மாட்டாக்கா."

"ஏறலீன்னா நடந்து வரட்டும்" என்று எரிந்து விழுந்தாள். அரை மனதாகச் சாம்பலையே வாங்கினான்.

வாய்தான் அப்படி. உள்ளுக்குள் அவளுக்கும் உதறல். துணியில் தப்பு விட்டால் கம்பெனிக்கு நஷ்டம். இதில் தப்பு விட்டால் ஒரு குடும்பம் நடுத்தெருவுக்கு வந்துவிடும். ஒன்றாம் தேதி எட்டு மணிக்கே போய்க் கம்பெனி கேட்டில் நின்றுகொண்டாள். எட்டரைக்கு வேலை தொடங்கும். எட்டே கால் ஆனது, வண்டியைக் காணோம். வேண்டாத தெய்வமில்லை.

எட்டு இருபதுக்கு சாம்பல் ஆம்னி திரும்பியது. உள்ளே பெண்கள் சிரிப்பும் பேச்சுமாக நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். முன்சீட்டில் அவன் வீட்டுக்காரி. சாரதாமணிக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க ஸ்டிக்கர் ரோலை எடுத்துக்கொண்டு வண்டியை ஒரு சுற்று வந்தாள்.

இறங்கிவந்த இசக்கிமுத்து பயந்துபோய்க் கேட்டான். "என்னக்கா, இன்னும் குத்தமா?"

ஒரு அம்பைப் பிய்த்து அவன் சட்டையில் ஒட்டினாள். "தைக்கறவனுக்கே பட்டன் இல்ல பாரு. ஆல்டர்தான். போயித் தச்சுக்க."

மாலையில் பெண்களை ஏற்ற வந்தபோது பட்டன் தைத்திருந்தான். அம்பை மட்டும் பிய்க்கவே இல்லை.