கேனுக்குள் வராத கருவாடு

போன ஞாயிறு சர்ச்சில் இரண்டாவது பாட்டுக்கு எல்லோரும் எழுந்து நின்றோம். முன்வரிசையில் என் அண்ணன் செல்வராஜும் எழுந்தார். எழுந்த வேகத்தில் உட்கார்ந்தார். பிறகு பக்கத்தில் இருந்தவர் மேல் சாய்ந்தார்.

பாட்டு நிற்கவில்லை. எங்கள் சர்ச்சில் பாட்டு அதற்கெல்லாம் நிற்காது.

ஆட்டோவில் ஏற்றி, தக்கலையில் அவர் வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம் கொண்டுபோனோம். பிரஷர் இருநூறைத் தாண்டியிருந்தது.

"மாத்திரை ஒழுங்கா போடுகீங்களா?"

"நிப்பாட்டியாச்சு சார். ஒரு மாசம் இருக்கும்."

"எவன் சொன்னான் நிப்பாட்ட?"

அண்ணன் அந்த மயக்கத்திலும் பைபிளைத் திறந்தார். உள்ளே இருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்து டாக்டரிடம் நீட்டினார்.

"ஆராய்ச்சி சொல்லியாச்சு சார்."

அந்தத் தாளின் கதையைத்தான் இந்த வாரப் பத்தியில் சொல்லப்போகிறேன். கோபமாகத்தான் சொல்வேன். வேறு மாதிரிச் சொல்ல எனக்கு வராது என்பது உங்களுக்கே தெரியும்.

இரண்டு மாதம் முன்னால் ஒரு மருத்துவக் கல்லூரியிலிருந்து ஆராய்ச்சிக்காரர்கள் எங்கள் தெருவுக்கு வந்தார்கள். வீட்டுக்கு ஒரு பிரஷர், வீட்டுக்கு ஒரு சுகர் — இந்த ஊரில் ஏன் இப்படி? காரணம் கண்டுபிடிக்க வேண்டுமாம். நல்ல விஷயம்தானே? நானும் சந்தோஷப்பட்டேன்.

கேள்வி கேட்க வந்தது நிவேதா என்ற சென்னைப் பிள்ளை. கையில் டேப்லெட். அதில் இருந்த தமிழைப் படித்தால் இருக்கிற பிரஷர் இன்னும் ஏறும். 'நீங்கள் வாரத்தில் எத்தனை முறை பதப்படுத்தப்பட்ட உணவை உட்கொள்கிறீர்கள்?'

நெத்திலிக் கருவாடு இல்லாமல் சோறு இறங்காத ஒரு தெருவில் போய்க் கேட்கிற கேள்வியா இது? எல்லோரும் 'இல்லை' என்றார்கள். பாக்கெட்டில் வருவதைத்தான் கேட்கிறாள் என்று நினைத்துவிட்டார்கள். கருவாடு கருவாடுதானே... அது எப்படிப் பதப்படுத்தப்பட்ட உணவாகும்?

சரி, கேள்வியில் குற்றம். பதிலில்?

எதிர்வீட்டு டேவிட் சார் ரிட்டயரான ஹெட்மாஸ்டர். கேள்வியைக் கேட்டதும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "இதுக்கு சரியான விடை எதும்மா?" என்றார்.

தெருவில் எல்லோரும் தினமும் முக்கால் மணி நேரம் நடக்கிறார்களாம். எந்த ரோட்டில் நடக்கிறார்கள்? நான் ஒருவரையும் பார்த்ததில்லை. பார்க்காததற்குக் காரணம், நானும் நடப்பதில்லை. ஆனால் நானும் முக்கால் மணி நேரம் என்றுதான் சொன்னேன். பஸ் ஸ்டாப்புக்குப் போய் பஸ்ஸுக்குக் காத்து நிற்பதையும் சேர்த்தால் வரும்.

இந்தப் பொய்யெல்லாம் ஆராய்ச்சிக்காரர்களுக்கும் தெரியும். அதனால்தான் வீட்டுக்கு ஒரு வெள்ளை கேன் கொடுத்தார்கள். ஒரு நாள் முழுக்கப் போகும் மூத்திரத்தைச் சிந்தாமல் அதில் பிடித்துத் தர வேண்டும். உப்பு எவ்வளவு தின்கிறாய் என்று வாயைக் கேட்டால் வாய் பொய் சொல்லும். மூத்திரம் பொய் சொல்லாது. அப்படித்தான் அவர்கள் நம்பினார்கள்.

பாவம், என் அண்ணனை அவர்களுக்குத் தெரியாது.

அண்ணனுக்கு வயது ஐம்பத்தெட்டு. இருபது வருடம் சவுதியில் இருந்து பணமும் பிரஷரும் சம்பாதித்துக்கொண்டு வந்தவர். கேன் வந்த அன்றே எனக்கு விஷயம் புரிந்தது. இதை அவர் பரீட்சை என்று எடுத்துக்கொண்டார். மூன்று நாள் உப்பில்லாத கஞ்சி. துவையல் கிடையாது, ஊறுகாய் கிடையாது. நாலாவது நாள்தான் கேனைத் தொட்டார்.

நிவேதா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள், "அங்கிள், எப்பவும் சாப்பிடுற மாதிரியே சாப்பிடுங்க" என்று.

"அப்படிச் சாப்பிட்டா ஃபெயிலாப் போயிரும்லா மக்களே?" என்று கேட்டார் அண்ணன். அவள் சிரித்தாள். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்திருப்பாள்.

கேனைக் கொடுத்துவிட்டு வந்த கையோடு பாஸானதைக் கொண்டாடினார். எப்படி என்று பிறகு சொல்கிறேன்.

மூன்று வாரத்தில் தாள் வந்தது. உப்பின் அளவு, 'குறைவு'. அதை அண்ணன் தெரு முழுக்கக் காட்டினார். அவர் மனைவி கிளாடிஸ் மைனியிடம் இரண்டு முறை வாசித்துக் காட்டினார்.

"பாத்தியாட்டி? உப்பு கம்மி. அப்போ எனக்கு பிரஷர் உப்பினால இல்ல. காரணமே இல்லாத நோய்க்கு மாத்திரை என்னத்துக்கு?"

எப்படிப்பட்ட மூளை பாருங்கள்! அன்றோடு மாத்திரை நின்றது. தாள் பைபிளுக்குள் போனது.

டாக்டர் அந்தத் தாளை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். "இதுல மாத்திரைய நிறுத்துன்னு எங்க போட்டிருக்கு?" என்றார். பிறகு ரத்தம் எடுத்தார்கள். ரிசல்ட்டைப் பார்த்துவிட்டு டாக்டர் குரலைத் தாழ்த்தினார். திட்டுகிற டாக்டர் திட்டுவதை நிறுத்தினால்தான் பயப்பட வேண்டும்.

"கிட்னி லேசா அடி வாங்க ஆரம்பிச்சிருக்கு. மாத்திரையும் இல்ல, உப்பையும் விடமாட்டேன்னா, அடுத்தது வாரத்துக்கு மூணு நாள் டயாலிசிஸ்தான்."

கிளாடிஸ் மைனி அழுதாள். "உப்பு எங்க சார் இருக்கு? ஒரு வருசமா நான் உப்பே போடாமத்தான் வைக்கேன். இந்த மனுசன் என்னைய ஏசுகத கேட்டுக்கிட்டுத்தான் வைக்கேன்."

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

அன்று மத்தியானமே நிவேதாவுக்கு ஃபோன் போட்டேன். எங்க அண்ணன் கேன் பொய், அந்தக் கணக்கை அடித்துவிடு என்றேன்.

"ஆன்டி, உங்க தெருவுல எல்லா கேனும் அப்படித்தான் இருக்கு. எல்லாரும் உப்பு கம்மி, எல்லாரும் வாக்கிங். எங்க டேட்டாபடி உங்க தெருவுல நோய்க்குக் காரணமே இல்ல. நோய் மட்டும்தான் இருக்கு."

எப்படி இருக்கிறது? காரணம் தெரிய வேண்டும் என்று வாட்ஸப்பில் வருவதையெல்லாம் படிக்கிறோம். தேங்காய் எண்ணெயா, புரோட்டாவா, ரப்பர் தோட்டத்து மருந்தா என்று டீக்கடையில் சண்டை போடுகிறோம். காரணத்தைத் தேடி ஒருத்தி வாசலுக்கே வந்தால், அதைத் தூக்கிப் பரணில் ஒளித்து வைக்கிறோம்.

புதன்கிழமை நிவேதா மறுபடி வந்தாள். அண்ணன் வீட்டு முன்னறையில் நான், மைனி, அண்ணன். படிவத்தை முதலில் இருந்து நிரப்பத் தொடங்கினாள்.

"வீட்ல சமைக்கிறது யாரு?"

"நான்தான்" என்றாள் மைனி.

"உப்பு போடுவீங்களா?"

"இல்ல."

"அப்போ அங்கிளுக்கு உப்பு எங்கிருந்து வருது?"

அண்ணன் காலண்டரைப் பார்த்தார். அவரிடமிருந்து பதில் வராது. காட்டிக்கொடுக்க மாட்டார்.

நான்தான் சொன்னேன். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு மதில். மைனி துணி துவைக்கப் பின்பக்கம் போனால் அண்ணன் மதிலோரம் வந்து நிற்பார். "ஏட்டி, வாய் செத்துப் போச்சு. ஒரு துண்டு தாயேன்." பொரித்த கருவாடு, மாங்காய் ஊறுகாய்... கிண்ணம் அந்தப் பக்கம் போகும், கழுவித் திரும்பி வரும். கேனைக் கொடுத்த அன்று சாளைக் கருவாடு, எட்டுத் துண்டு. ஒரு வருடமாக நடக்கிறது. இருபது வருடம் அரேபியாவில் குபூஸ் ரொட்டி தின்ற மனுஷன், கேட்டால் எப்படி இல்லை என்பது? பாசம் என்று நினைத்துத்தான் கொடுத்தேன்.

மைனி திரும்பி என்னைப் பார்த்தாள்.

"சண்டாளி! நான் இங்க உப்பப் பூட்டி வச்சிக்கிட்டு இருக்கேன். நீ மதிலுக்கு மேல கூடி ஊட்டிக்கிட்டு இருந்தியா?"

பத்தி எழுதுகிறவளுக்கு வாய் அடைத்துப்போவது அபூர்வம். குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

"நான்தானேட்டி கேட்டேன். அவள ஏன் ஏசுக?" என்றார் அண்ணன். சொல்லிக்கொண்டே காலை மாத்திரையை, எல்லோரும் பார்க்கும்படி, வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். அடுத்த மாதம் புதிய கேன் தருவதாக நிவேதா சொன்னாள். "இனி கேனுக்காகச் சாப்பிடுறத மாத்தாதீங்க அங்கிள்" என்றாள். "மாத்த வழியில்லல்லா, சப்ளையே நின்னு போச்சே" என்றார் அவர்.

படிவத்தின் கடைசியில் 'பிற காரணங்கள்' என்று ஒரு கட்டம் காலியாக இருந்தது. அதில் என் பெயரைப் போடச் சொன்னேன்.

"காரணம்னு ஒரு ஆளோட பேர எழுத முடியாது ஆன்டி" என்றாள் நிவேதா.

எழுத முடிந்திருந்தால், வீட்டுக்கு ஒரு பெயர் என்று எங்கள் தெருவில் ஆராய்ச்சி அரை நாளில் முடிந்திருக்கும்.