பசித்த தொட்டிகளும் ஒலி முகம்மதும்

ஒலி முகம்மதை நினைத்தால் எனக்கு இன்றும் முதலில் கோபம்தான் வரும். சிரிப்பு கொஞ்சம் தாமதமாக வரும். 1963இல் புக்கிட் தீமா பக்கம் ஓர் ஆய்வுக்கூடத்தில் தொட்டிச் செடிகளைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. நான் அங்கே ஆராய்ச்சி மாணவி.

தன் கண்ணெதிரே யாரும் பட்டினி கிடக்கக் கூடாது என்பதில் மனிதர் பிடிவாதக்காரர். காலையில் தேக்கா சந்தை வழியாகத்தான் சைக்கிளில் வருவார். கேரியரில் டைப்பிஸ்டுக்கு வடை, காவலாளிக்குப் பரோட்டா என்று யாருக்காவது ஏதாவது இருக்கும். ஒருமுறை, அடுத்த அறையில் அளந்து தீனி போட்டு வளர்த்த எலிகளுக்கும் பரோட்டாவைப் பிய்த்துப் போட்டுவிட்டார். இரண்டு மாத ஆராய்ச்சி பாழ். இன்னொரு தடவை இப்படி நடந்தால் வேலை கிடையாது என்று எங்கள் தலைவர் டாக்டர் டான் எழுதியே கொடுத்துவிட்டார். பாய்க்கு ஐந்து பிள்ளைகள். அந்த ஒரு சம்பளம்தான்.

என் ஆராய்ச்சி தட்டைப்பயற்றின் வேரில் குடியிருக்கும் பாக்டீரியாவைப் பற்றியது. அது வேரில் சின்னச் சின்ன முடிச்சுகளைப் போட்டுக்கொண்டு, காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்கு உணவாக்கித் தரும். நைட்ரஜன் துளியும் இல்லாமல் கழுவிய மணலில் பன்னிரண்டு தொட்டிகள் வைத்தேன். முடிச்சு வேலை செய்யத் தொடங்கும்வரை செடி வெளிறித்தான் கிடக்கும்.

"நான் கலந்து வச்ச கரைசல் மட்டும்தான் பாய். வேற எதுவும் கூடாது."

"மஞ்சளா கெடக்குதே மிஸ்!"

"கெடக்கட்டும்."

நட்டுப் பத்து நாள் ஆகியிருந்தது; ரமலான் அப்போதுதான் பிறந்திருந்தது. அவரும் நோன்பு.

மூன்றாவது வாரம் வாசல் பக்கத்து ஆறு தொட்டிகள் மட்டும் பச்சைப்பசேலென்று எழுந்தன. எனக்குத் தலைகால் புரியவில்லை. கூப்பிட்டுக் கூப்பிட்டு எல்லோருக்கும் காட்டினேன். கண்ணாடி வீட்டுக்குள் ஒரு வாடை, வாசலில் நான்கு பூனைகள். பூனைகளைத்தான் திட்டினேன். மூளை எங்கே போயிற்றோ!

ஐந்தாவது வாரம் செடிகளைப் பிடுங்கினேன். பச்சைச் செடிகளின் வேரில் ஒரு முடிச்சுகூட இல்லை. வெளிறிக் கிடந்த ஆறின் வேர்களிலோ கொத்துக் கொத்தாக முடிச்சு. நறுக்கிப் பார்த்தால் உள்ளே இளஞ்சிவப்பு, அதாவது முடிச்சு வேலை செய்யத் தொடங்கிவிட்டது. வெள்ளிக்கிழமை டாக்டர் டான் பார்க்க வருகிறார்.

"பாய், வாசல் பக்கத்துக்கு மட்டும் என்ன ஊத்துனீங்க?"

"நோன்பு வச்சுக்கிட்டு பொய் சொல்ல மாட்டேன் மிஸ். மீன் கழுவுன தண்ணி. தேக்காவுல வாங்கி ரெண்டு நாள் ஊறவச்சேன். ஒரு டின்தான் தூக்கியார முடிஞ்சுது, ஆறுக்குத்தான் பத்துச்சு. நானாவது சாயங்காலம் கஞ்சி குடிச்சிடுறேன்லா. இதுங்க எப்ப நோன்பு தொறக்கும்?"

வாய்க்கு வந்தபடி திட்டினேன். திட்டி முடித்து உட்கார்ந்தபோதுதான் மேசையில் கிடந்த வேர்களை ஒழுங்காகப் பார்த்தேன். காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடிப்பது லேசான காரியமில்லை. செடி தன் சர்க்கரையை வாரிக் கொடுக்க வேண்டும். மீன்தண்ணீரில் வருவதுபோல் மண்ணிலேயே நைட்ரஜன் கிடைத்தால் செடி முடிச்சுக்கு இடம் கொடுக்காது, பாக்டீரியாவும் உழைக்காது. புத்தகத்தில் படித்ததுதான். ஆனால் இவ்வளவு பளிச்சென்று நான் பார்த்ததில்லை.

அதற்காக டாக்டர் டான் சும்மா விடுவாரா? ஊற்றச் சொன்னது நான்தான் என்று சொல்லிவிட முடிவு செய்தேன். பயமாகத்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை நான் வாயைத் திறப்பதற்குள், "நான்தான் ஊத்துனேன்" என்று பாய் மலாயில் சொல்லிவிட்டார். டாக்டர் டான் இரண்டு வகை வேர்களையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். கடைசியில், மறுபடி செய்யுங்கள் என்றார். ஆறுக்கு மீன்தண்ணீரை அளந்து ஊற்ற வேண்டும். ஆறுக்கு ஊற்றவே கூடாது. ஊற்றுவது இவரேதான். பட்டினித் தொட்டியில் ஒரு சொட்டு விழுந்தாலும் அன்றோடு வேலை போயிற்று.

பெருநாள் கழிந்தது. புது நாற்றுகள் மறுபடி மஞ்சளாயின. பட்டினி ஆறின் பக்கம் போகும்போதெல்லாம் பாய் முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஒரு பிடி சோற்றுக்கு இல்லை என்று சொல்லிப் பழகாத மனிதர். ஆனால் ஒரு சொட்டுகூட அந்தப் பக்கம் விழவில்லை.

ஒருநாள் சீக்கிரமே போய்விட்டேன். இரண்டு வரிசைக்கும் நடுவே கயிறு கட்டி ஒரு கோணிச்சாக்கைத் தொங்கவிட்டிருந்தார்.

"என்ன பாய் இது?"

"அதுங்க குடிக்கிறத இதுங்க பாக்க வேணாம் மிஸ். ஊத்தி முடிச்சதும் எடுத்துடுவேன்லா."

சாக்கின் ஒரு முனை அவிழ்ந்து தொங்கியது. அவர் ஊற்றி முடிக்கும்வரை அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.